சிப்கோ இயக்கமும் கார்வால் மகளிரும்

முன்னுரை

இமயமலைச் சாரலில் உள்ள கார்வால் நாட்டில் 1973ஆம் ஆண்டு தோன்றிய காடு காக்கும் கிளர்ச்சியைச் சிப்கோ இயக்கம் என்பர். சிப்கோ என்னும் இந்திச் சொல் ‘ஒட்டிக்கொள்’ எனப் பொருள்படும். கார்வாலி மொழியில் தழுவுதலை ‘அங்வால்’ என்பர். மரத்தை வெட்ட வருவோர் கோடரியை ஓங்குங்கால் ஊரார் அம்மரத்தைத் தழுவி நின்று தடுக்கும் முறையால் இயக்கத்திற்கு இப்பெயர் அமைந்தது.

இவ்வியக்கத்தைப் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ரேணி என்னும் சிற்றூரில் 1974ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் பெண்கள் மரங்களைக் காத்த நிகழ்ச்சியைப் போற்றியுரைக்கின்றன. போற்றுதல் தக்கதே. எனினும், அப்பெண்கள் எவ்வுரிமையைக் கொண்டு ஆண்களும் அரசும் எடுத்த முடிவுகளை மறுத்தனர் என்பதும், அவர்கள் பெற்ற வெற்றி அவ்வுரிமையை நிலைநாட்டிற்றா என்பதும் தெளிவுற ஆராயத்தக்கன. இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

1. நிலமும் தொழிற் பகுப்பும்

கார்வால் அளகநந்தை, பாகீரதி ஆகிய ஆறுகள் பிறந்து ஓடும் மலைநாடு. அவ்விரண்டும் தேவப்பிரயாகையில் கூடிக் கங்கை எனப் பெயர் பெறுகின்றன. அந்நாட்டின் ஊர்கள் செங்குத்தான சரிவுகளில் அமைந்தவை. வயல்கள் படிக்கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டப்பட்டவை. வயலுக்கு மேலே காடு, அதற்கும் மேலே புல்வெளி, அதற்கப்பால் பனிமலை. மேலே உள்ள காடு அழியுமாயின் கீழே உள்ள வயல் மண்ணை இழக்கும். ஊற்று நீரை இழக்கும். ஊர் இருந்த இடத்தை இழப்பதும் உண்டு.

இந்நிலத்தின் வேளாண்மை குடும்பத்திற்கு ஆண்டு முழுவதும் உணவளிக்கப் போதாது. ஆதலின் ஆண்கள் பிழைப்பு நாடிச் சமவெளிக்கு இறங்கினர். 1887இல் கார்வால் படைப்பிரிவு தோற்றுவிக்கப்பட்ட பின்னர்ப் படைப்பணியே பல குடும்பங்களின் வருவாயாயிற்று. ஆடவர் அனுப்பும் பணத்தை நம்பியிருக்கும் இவ்வாழ்க்கையைப் பிற்காலத்து ஆய்வாளர் ‘மணியார்டர் பொருளாதாரம்’ என்றே பெயரிட்டனர்.

ஊரில் எஞ்சிய உழைப்பு பெண்களைச் சார்ந்தது. ஏர் பிடித்தல் மட்டும் ஆண்களின் தொழில். நாற்று நடுதல், களை பறித்தல், அறுவடை செய்தல், எரு சுமத்தல் ஆகியன பெண்களின் தொழில். இவற்றினும் கடியவை காட்டைச் சார்ந்த பணிகள். விறகு கொணர்தல், மாட்டுக்குப் புல்லும் தழையும் அறுத்தல், தொழுவத்தில் பரப்பிப் பின் எருவாக்குதற்குரிய சருகு திரட்டல், ஊற்றிலிருந்து நீர் சுமத்தல் ஆகிய நான்கும் நாள்தோறும் நிகழ்வன. எந்தச் சரிவில் எந்தத் தழை கிடைக்கும், எந்த மரத்தை எவ்வளவு கழித்தால் அது மீண்டும் தழைக்கும், எந்த ஊற்று கோடையில் வற்றும் என்பனவற்றைப் பெண்கள் தொழிலால் அறிந்தனர்.

காட்டு மரங்களுள் இரண்டை இங்குக் குறிப்பிடல் வேண்டும். ஒன்று பாஞ்ச் எனப்படும் ஓக் மரம். இதன் தழை மாட்டுக்குத் தீவனம், சருகு எரு, கிளை நல்ல விறகு. இம்மரக் காட்டின் தரையில் படியும் இலைமட்கு மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடும் இயல்புடையது. மற்றொன்று சீர் எனப்படும் பைன் மரம். இதன் பிசினிலிருந்து டர்பன்டைன் எண்ணெய் வடிப்பர். தடியை அறுத்து விற்பர். ஆனால் இதன் ஊசியிலைகளை மாடு தின்னாது. அவை உலர்ந்து கிடந்து எளிதில் தீப்பற்றும். ஆகவே சந்தையை நோக்குவோர்க்குப் பைன் மரமும், தொழுவத்தை நோக்குவோர்க்குப் பாஞ்ச் மரமும் மதிப்புடையனவாயின. காந்தியடிகளின் மாணாக்கியாகிய மீரா பென் 1950களின் தொடக்கத்தில் பிலங்கனா ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தபோது, பாஞ்ச் காடுகள் குறைந்து பைன் காடுகள் பரவுதலைக் கண்டு, அம்மாற்றத்தால் நேரும் கேட்டை எடுத்தெழுதினார்.

2. காட்டுரிமை கைம்மாறிய வரலாறு

கூர்க்கர் போரின் முடிவில், 1815இல், குமாவுனும் கார்வாலின் ஒரு பகுதியும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டன. எஞ்சிய கார்வால், தேரியைத் தலைநகராகக் கொண்ட அரசனிடம் இருந்தது. ஆங்கில ஆட்சியின் தொடக்கத்தில் காடுகளின்பால் அரசு பெரிதும் தலையிடவில்லை. இருப்புப்பாதை பரவத் தொடங்கியதும் நிலை மாறிற்று. தண்டவாளத்தின் அடியில் இடும் சிலீப்பர் கட்டைகளுக்குத் தேவதாரு மரம் பெருமளவில் வேண்டப்பட்டது. தேரி அரசனிடம் குத்தகை பெற்ற வில்சன் என்னும் ஆங்கிலேயர் மரங்களை வீழ்த்தி ஆற்றில் மிதக்கவிட்டுச் சமவெளிக்குக் கொண்டுசென்று பெருஞ்செல்வம் ஈட்டினார்.

1864இல் வனத்துறை நிறுவப்பெற்றது. 1865, 1878ஆம் ஆண்டுகளின் வனச் சட்டங்கள் காட்டை அரசின் உடைமையாக்கின. ஊரார் தொன்றுதொட்டுத் துய்த்துவந்த உரிமை, அரசு அளிக்கும் சலுகையாகச் சுருங்கிற்று. 1893இல் குமாவுன் பகுதியில் அளந்து பதியப்படாத நிலமெல்லாம் பாதுகாக்கப்பட்ட காடென அறிவிக்கப்பட்டது. 1911 முதல் 1917 வரை அக்காடுகளில் பெரும்பகுதி ஒதுக்குக்காடுகளாக மாற்றப்பட்டது. தழை கழித்தல், மேய்த்தல், கோடையில் புல்லுக்காகத் தீயிடல் ஆகியவற்றிற்குத் தடைகள் விதிக்கப்பட்டன.

மக்கள் இதனைப் பொறுத்திருக்கவில்லை. 1921ஆம் ஆண்டு சனவரியில் பாகேசுவரத்தில் கூடிய மக்கள், தமிழ்நாட்டில் வெட்டி எனப்படும் ஊதியமற்ற கட்டாய ஊழியத்தைப் போன்ற ‘பேகார்’ முறையை எதிர்த்து, அதற்குரிய பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர். அவ்வாண்டுக் கோடையில் குமாவுனின் பைன் காடுகள் பல தீக்கிரையாயின. தேரி நாட்டில் 1930ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், யமுனைக் கரையிலுள்ள திலாடி என்னுமிடத்தில் காட்டுரிமை வேண்டிக் கூடியிருந்தோர்மீது அரசன் படை சுட்டது, பலர் மாண்டனர். இக்கிளர்ச்சிகளின் பயனாக ஆங்கில அரசு ஓரளவு இறங்கிவந்து, 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகளை வகுத்தது.

இவ்வரலாற்றில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இக்கிளர்ச்சிகள் யாவும் ஊராரின் பெயரால் நிகழ்ந்தவை. அவற்றை நடத்தியோராக அறியப்படுபவர் ஆண்களே. வனத்துறையின் தடைகள் நாள்தோறும் காட்டில் தழை அறுக்கும் பெண்ணையே முதற்கண் தாக்கின. அவள் பட்ட துன்பம் கிளர்ச்சிக்குக் காரணமாயிற்றாயினும், அவள் குரல் ஆவணத்தில் ஏறவில்லை. வனப் பஞ்சாயத்துகளிலும் ஆண்களே அமர்ந்தனர்.

3. வெள்ளமும் மகளிர் மன்றங்களும்

நாடு விடுதலை பெற்ற பின்னரும் வனத்துறையின் முறை மாறவில்லை. 1962இல் சீனப்போர் நிகழ்ந்தது. எல்லைப் பாதுகாப்பின் பொருட்டு மலைக்குள் சாலைகள் விரைந்து வெட்டப்பட்டன. சாலை சென்ற வழியே மர ஒப்பந்தக்காரரும் சென்றனர். முன்னர் எட்டாதிருந்த காடுகள் ஏலத்திற்கு வந்தன.

1970ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் அளகநந்தையில் பெருவெள்ளம் பெருகிற்று. பேலாகூச்சி என்னும் ஊர் அடித்துச் செல்லப்பட்டது. பாலங்களும் சாலைகளும் அழிந்தன. 1893இல் மலைச்சரிவால் தோன்றி, 1894இல் ஒருமுறை உடைந்து சுருங்கிய கோகனா ஏரி இவ்வெள்ளத்தில் முற்றும் மறைந்தது. ஆறு சுமந்துவந்த வண்டல் நெடுந்தொலைவு கடந்து மேல்கங்கைக் கால்வாயையும் அடைத்தது. கோபேசுவரத்தில் சண்டி பிரசாத் பட் முதலியோர் 1964இல் நிறுவிய தசோலி கிராம சுவராச்சிய சங்கத்தார், துயர் துடைக்கும் பணியில் ஊரூராகச் சென்றனர். மரம் வெட்டப்பட்ட சரிவுகளின் கீழ் அமைந்த ஊர்களில் அழிவு மிக்கிருந்தமையை அவர்கள் கண்டனர். காட்டையும் வெள்ளத்தையும் தொடர்புபடுத்தும் எண்ணம் இவ்வாறு ஊர் மன்றங்களில் பேசுபொருளாயிற்று.

இதற்கு முன்னரே பெண்கள் கூடிச் செயலாற்றும் பழக்கம் வேரூன்றியிருந்தது. இலண்டனில் பிறந்து காந்தியடிகளின் வழிநின்ற சரளா பென் 1946இல் கௌசானியில் இலட்சுமி ஆசிரமத்தை நிறுவி, மலைநாட்டுப் பெண்களுக்குக் கல்வியும் தொண்டும் பயிற்றினார். அங்குப் பயின்றோர் பின்னர் ஊர்ப்பணியில் ஈடுபட்டனர். 1960களில் கள்ளும் சாராயமும் குடும்பங்களைக் கெடுத்தல் கண்டு பெண்கள் மதுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். ஊர்தோறும் ‘மகிளா மங்கள் தள்’ என்னும் மகளிர் மன்றங்கள் அமைந்தன. கடையை மூடச் செய்த அனுபவம், அரசின் உரிமம் பெற்றவனையும் ஊர்ப் பெண்கள் தடுத்து நிறுத்த இயலும் என்னும் துணிவை ஈந்தது. காடு காக்கும் கிளர்ச்சிக்குரிய அமைப்பும் முறையும் இங்ஙனம் முன்னரே பக்குவப்பட்டிருந்தன எனலாம்.

4. மண்டல் முதல் ரேணி வரை

கோபேசுவரத்துச் சங்கத்தார் வேளாண் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றை நடத்தினர். ஏருக்கும் நுகத்திற்கும் ஏற்ற அங்கு என்னும் மரம் சிலவற்றை அவர்கள் வேண்டியபோது வனத்துறை மறுத்தது. அம்மரங்களையே விளையாட்டுக் கருவி செய்யும் அலகாபாத்துச் சைமண்ட்சு நிறுவனத்திற்கு அத்துறை ஒதுக்கியது. உழவனின் ஏருக்கு இல்லாத மரம் டென்னிசு மட்டைக்கு உண்டு என்னும் முரண்பாடு மக்களைக் கொதிக்கச் செய்தது. 1973ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆம் நாள் மண்டல் என்னும் ஊரில் மக்கள் திரண்டனர். நிறுவனத்தின் ஆட்கள் வெறுங்கையராய்த் திரும்பினர். பின்னர் அதே நிறுவனத்திற்குக் கேதாரநாதப் பள்ளத்தாக்கில் உள்ள பாட்டா இராம்பூர்க் காட்டில் மரங்கள் ஒதுக்கப்பட்டபோது அங்கும் எதிர்ப்பு எழுந்தது.

மண்டலில் எழுந்த வழக்கின் இயல்பை நாம் கருதுதல் வேண்டும். அது, மரத்தை யார் பெறுவது என்னும் வழக்கு. வெளியூர் நிறுவனம் பெறுதலினும் உள்ளூர்ப் பட்டறை பெறுதல் முறை என்பது சங்கத்தாரின் கோரிக்கை. பட்டறையும் ஏரும் ஆண்களின் தொழிலைச் சார்ந்தவை. மரத்தை வெட்டலாமா என்னும் வினா அங்கு இன்னும் முதன்மை பெறவில்லை.

ரேணி, தௌலிகங்கையுடன் ரிஷிகங்கை கூடுமிடத்தில், நந்தாதேவி மலையின் வாயிலில் உள்ள ஊர். அங்கு வாழ்வோர் போட்டியா இனத்தைச் சார்ந்த தோல்ச்சா மக்கள். இவர்கள் திபெத்துடன் உப்பும் கம்பளியும் வாணிகம் செய்தவர்கள். 1962இல் எல்லை மூடப்பட்டதும் அவ்வாணிகம் மடிந்தது. ஆகவே காட்டையும் வயலையும் முன்னினும் மிகுதியாகச் சார்ந்து வாழவேண்டியவராயினர். அதே போரின் விளைவாக அவர்களுடைய நிலங்களிற் சில படைத்துறையால் எடுத்துக்கொள்ளப்பட்டன.

1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரேணிக் காட்டில் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் விடப்பட்டன. சங்கத்தார் ஊர்தோறும் சென்று எதிர்ப்பைத் திரட்டினர். மார்ச்சு 26ஆம் நாள், படைத்துறை எடுத்த நிலத்திற்குரிய இழப்பீட்டைப் பெறுமாறு அவ்வூர் ஆடவர் சமோலிக்கு அழைக்கப்பட்டனர். சண்டி பிரசாத் பட் கோபேசுவரத்தில் வனத்துறை அலுவலரோடு உரையாடிக்கொண்டிருந்தார். தடுக்கக் கூடியவர் எனக் கருதப்பட்ட ஒருவரும் ஊரில் இல்லாத அந்நாளில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் காட்டை நோக்கிச் சென்றனர். அதனைக் கண்ட சிறுமி ஒருத்தி ஓடிவந்து மகளிர் மன்றத் தலைவி கௌரா தேவிக்கு உரைத்தாள்.

கௌரா தேவி 1925இல் அண்மையிலுள்ள லாத்தா என்னும் ஊரிற் பிறந்தவர். இளமையிலேயே கணவனை இழந்து, மகனை வளர்த்துக் குடும்பத்தைத் தாங்கியவர். பள்ளிக் கல்வி பெறாதவர். அவர் அடுப்படியிலும் தொழுவத்திலும் இருந்த பெண்களையும் சிறுமியரையும் ஏறத்தாழ 27 பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்கு விரைந்தார். ஆட்கள் உணவு சமைத்துக்கொண்டிருந்தனர். பெண்கள் முதலில் உடன்பிறந்தாரிடம் பேசுவது போல இரந்து பேசினர். இக்காடு எங்கள் பிறந்தகம். இதை வெட்டினால் மலை சரிந்து எங்கள் வயலும் வீடும் அழியும் என்பது அவர்கள் கூற்றின் சாரம். ஆட்களிற் சிலர் இகழ்ந்தனர். ஒருவன் துப்பாக்கி காட்டி அச்சுறுத்தினான். கௌரா தேவி அவன்முன் நின்று அசையவில்லை. இறுதியில் ஆட்கள் இறங்கிச் சென்றனர். மலைச்சரிவு அறுத்த இடத்தில் பாதைக்குப் பாலமாக இடப்பட்டிருந்த சிமிட்டிப் பலகையைப் பெண்கள் பெயர்த்துத் தள்ளினர். இரவு முழுவதும் காவலிருந்தனர்.

‘பிறந்தகம்’ என அவர்கள் காட்டைச் சுட்டியமை கருதற்குரியது. ‘மாயிக்கா’ என்பது அவர்களுடைய சொல். மணமான பெண், புகுந்த வீட்டில் தனக்கு முட்டுப்பாடு நேருங்கால் கேளாமலே பெறக்கூடிய இடம் பிறந்த வீடு. ஊர் நிலமும் வீடும் ஆண்வழியில் செல்லும் அச்சமுதாயத்தில், பத்திரம் ஏதுமின்றிப் பெண் உரிமை பாராட்டக்கூடிய ஒரே சொத்து காடு. ஆகலின் அச்சொல் அன்பை மட்டும் உணர்த்தியதன்று. உரிமையையும் உணர்த்திற்று என்று கொள்ளல் பொருந்தும்.

ரேணியில் வழக்கின் பொருள் மாறிற்று. மரத்தை யார் பெறுவது என்பதை விடுத்து, இச்சரிவில் மரத்தை வெட்டலாமா என்பதே வினாவாயிற்று. அவ்வினாவை எழுப்பியவர்கள் பெண்கள். மாநில முதலமைச்சராக இருந்த ஏமவதி நந்தன் பகுகுணா, தில்லித் தாவரவியலறிஞர் வீரேந்திர குமார் தலைமையில் குழு ஒன்றை அமைத்தார். குழு 1976இல் அறிக்கை அளித்தது. அதன்வழி அளகநந்தையின் மேல்நீர்ப்பிடிப்பில் ஏறத்தாழ 1,200 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் 10 ஆண்டுக்கு மரம் வெட்டுதல் தடுக்கப்பட்டது. பள்ளி செல்லாத பெண்கள் கூறியதை அறிஞர் குழு உறுதிப்படுத்திற்று.

5. அத்வாணியும் துங்ரி பைந்தோலியும்

ரேணியில் ஆண்கள் ஊரில் இல்லாமையாற்றான் பெண்கள் முன்வந்தனர். இருந்திருப்பின் ஆண்களே தடுத்திருப்பர் எனச் சிலர் கூறக்கூடும். இவ்வையத்தை நீக்கப் பிற்பட்ட நிகழ்ச்சிகள் இரண்டு உதவுகின்றன.

தேரி மாவட்டத்து ஏன்வல் பள்ளத்தாக்கில் அத்வாணிக் காடு 1977இல் ஏலம் விடப்பட்டது. அங்குப் பெண்களுக்குத் தலைமை தாங்கியவர் பச்சனி தேவி. அவர் கணவரே ஊர்த்தலைவரும் மரம் வெட்டும் ஒப்பந்தம் பெற்றவரும் ஆவார். பெண்கள் மரங்களுக்குக் காப்புநூல் கட்டினர். வனத்துறையார் வந்தபோது பட்டப்பகலில் விளக்கேற்றிச் சென்றனர். வனவியல் அறிந்தவர்களுக்கு வெளிச்சம் காட்ட வந்தோம் என்பது அச்செயலின் குறிப்பு. 1978ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் நாள் காவற்படையுடன் வந்தோர், மரந்தோறும் தழுவி நின்றோரைக் கண்டு திரும்பினர்.

இரண்டாவது, சமோலி மாவட்டத்துத் துங்ரி பைந்தோலியில் 1980இல் நிகழ்ந்தது. அங்கிருந்த பாஞ்ச் காட்டை அழித்து உருளைக்கிழங்கு விதைப்பண்ணை அமைக்கத் தோட்டக்கலைத் துறை விரும்பிற்று. அதற்கு ஈடாகச் சாலை, மருத்துவமனை, பள்ளி முதலியன தருவதாக வாக்களித்தது. ஊர் மன்றத்து ஆண்கள் இசைந்தனர். பெண்கள் மறுத்தனர். காடு போய்விட்டால் விறகுக்கும் தழைக்கும் நாள்தோறும் பல கிலோமீட்டர் மிகுதியாக நடத்தல் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆண்கள் அச்சுறுத்தியும் பெண்கள் பின்வாங்கவில்லை, காடு தப்பிற்று. அதன்பின் ஊர்க்காட்டைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்கும் இடம் வேண்டும் என அவர்கள் கேட்டனர்.

இந்நிகழ்ச்சிகளில் ஆண்கள் ஊரிலேயே இருந்தனர். அவர்களுடைய முடிவையே பெண்கள் எதிர்த்தனர். ஆண்கள் கேட்டவையும் தகாதன அல்ல. மருத்துவமனையும் பள்ளியும் பெண்களுக்கும் வேண்டுவனவே. ஆனால் அவற்றிற்குரிய விலையை யார் உழைப்பால் செலுத்துவது என்று பார்க்குமிடத்துக் கணக்கு வேறாயிற்று. காட்டை இழத்தலால் ஆணுக்கு மிகும் நடை இல்லை, பெண்ணுக்கு உண்டு. எனவே முற்கூறிய தொழிற் பகுப்பே பெண்களின் நிலைப்பாட்டுக்குக் காரணம் எனத் துணியலாம்.

பெண்கள் தடுத்தலோடு நில்லாமல் நட்டும் வளர்த்தனர். தசோலிச் சங்கத்தார் நடத்திய சூழல் முகாம்களில் அவர்கள் வெற்றுச் சரிவுகளில் கன்று நட்டனர். கற்சுவர் எழுப்பி மேய்ச்சலைத் தடுத்தனர். அரசு நட்ட கன்றுகளினும் இவர்கள் நட்டவை மிகுதியாகப் பிழைத்தன என்று ஆய்ந்தோர் கண்டனர். எம்மரத்தை நடுவது என்பதைத் தழை சுமப்பவரே தேர்ந்தமை அதற்கு ஒரு காரணமாதல் கூடும்.

6. ஆய்வாளர் கொள்கைகள்

இவ்வியக்கத்தை விளக்கும் கொள்கைகளுள் மூன்று சிறப்புடையன. வந்தனா சிவா 1988இல் வெளியிட்ட நூலில், பெண்ணுக்கும் இயற்கைக்கும் உள்ள இயல்பான உறவே சிப்கோவின் உயிர் என்றார். இராமச்சந்திர குகா 1989இல் வெளியிட்ட ‘தி அன்குவைட் வுட்ஸ்’ என்னும் நூலில், 1921, 1930ஆம் ஆண்டுகளின் உழவர் கிளர்ச்சி மரபின் தொடர்ச்சியே சிப்கோ என நிறுவினார். பீனா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரையில், இயற்கையோடு பெண் கொள்ளும் உறவு பிறப்பால் வருவதன்று, உழைப்பாலும் உடைமையின்மையாலும் உருவாவது என்றார்.

முதற்கொள்கை ஆண்களும் பெண்களும் ஒன்றுபட்டு நின்ற மண்டலை விளக்காது. பெண்கள் அனைவரும் எல்லா இடத்தும் காடு காப்பவர் என்னும் தவறான முடிவுக்கும் இட்டுச் செல்லும். இரண்டாங் கொள்கை மண்டலை நன்கு விளக்குகிறது. துங்ரி பைந்தோலியில் ஊர் இரண்டாகப் பிரிந்தமையை விளக்கப் போதாது. மூன்றாங் கொள்கையே இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் ஒருங்கே பொருந்துகிறது.

இன்னொரு தடையும் ஈண்டு ஆராயத்தகும். இமயத்துக் காடழிவே சமவெளி வெள்ளத்திற்குக் காரணம் என முன்னர்ப் பலர் எழுதினர். 1989இல் ஐவ்சு, மெசர்லி ஆகிய இருவரும் ‘தி ஹிமாலயன் டிலெமா’ என்னும் நூலில் அக்கருத்துக்குப் போதிய சான்று இல்லை எனக் காட்டினர். பெருமழை பெய்யுங்கால் காடு பெருவெள்ளத்தை நிறுத்திவிடாது என்பது உண்மையே. ஆனால் ரேணிப் பெண்கள் சமவெளியைப் பற்றிப் பேசவில்லை. இந்த மரங்கள் போனால் இந்தச் சரிவு இந்த ஊர்மேல் விழும் என்பதே அவர்கள் கூறியது. மேல்மண்ணை வேர் பிடித்துநிறுத்தும் என்னும் அக்கூற்று இன்றும் மறுக்கப்படவில்லை. அறிஞரின் பெருங்கொள்கை ஆட்டங்கண்ட விடத்தும் பெண்களின் சிறுகூற்று நிலைபெறுகிறது.

7. சட்டமும் உரிமையும்

1980இல் இந்திய அரசு வனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. அதனையடுத்து உத்தரப்பிரதேச மலைப்பகுதியில் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் பச்சை மரம் வெட்டுதல் 15 ஆண்டுக்குத் தடுக்கப்பட்டது. 1983இல் கருநாடகத்துச் சல்கானியில் இதே முறையில் ‘அப்பிக்கோ’ இயக்கம் தோன்றிற்று. 1987இல் சிப்கோ இயக்கத்திற்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது. புறத்தே நோக்குவார்க்கு இது முழுவெற்றி.

ரேணி, லாத்தா ஆகிய ஊர்களில் இருந்து நோக்குவார்க்கு வேறொன்று தோன்றும். 1982இல் நந்தாதேவிப் பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1988இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் உலகப் பாரம்பரிய இடமாகவும் அறிவிக்கப்பட்டது. உள்ளே மேய்ச்சலும் மூலிகை எடுத்தலும் மலையேறுவோர்க்கு வழித்துணையாதலும் நின்றன. எந்தக் காட்டைப் பிறந்தகம் என்று கூறிக் காத்தார்களோ அக்காட்டின் பெரும்பகுதிக்குள் அவர்கள் செல்லுதல் குற்றமாயிற்று. 1998இல் லாத்தா மக்கள் ‘பாய்ந்து பறி’ எனப் பொருள்படும் ‘ஜப்டோ சீனோ’ கிளர்ச்சியை நடத்திக் காப்புப் பகுதிக்குள் நுழைந்தனர். 2001இல் நந்தாதேவிப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டுத் தம் நிலத்தின் சுற்றுலாவைத் தாமே நடத்தும் உரிமையைக் கோரினர்.

கௌரா தேவி 1991இல் மறைந்தார். 2000இல் உத்தரகண்ட் தனி மாநிலமாயிற்று. மரம் வெட்டுவதைத் தடுத்த சட்டம், பாறையைக் குடைவதைத் தடுக்கவில்லை. ரேணியின் அருகே ரிஷிகங்கையில் 13.2 மெகாவாட் நீர்மின் நிலையம் எழுந்தது. அதற்குக் கீழே தபோவனத்தில் 520 மெகாவாட் திட்டத்தின் பணி நடந்துகொண்டிருந்தது. 2021ஆம் ஆண்டு பிப்பிரவரி 7ஆம் நாள் ரோந்தி மலைமுகட்டிலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் கனமீட்டர்ப் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து வீழ்ந்தன. அதனால் எழுந்த சேற்று வெள்ளம் ரிஷிகங்கை நிலையத்தை அழித்துத் தபோவனத் திட்டத்தையும் சிதைத்தது. 200க்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். அவர்களுட் பலர் அத்திட்டங்களில் வேலை செய்தவர்.

இவ்வழிவு மரம் வெட்டியதால் நேர்ந்ததன்று. உயர்மலையில் பாறை பெயர்ந்ததே காரணம். புவி வெப்பமடைதல் இத்தகைய உயர்சரிவுகளைத் தளர்விக்கும் என்பதும் அறிவியலார் கருத்து. ஆயினும் மலை பெயரும் வழியில் திட்டங்களை அமைத்து, அங்கு மக்களைப் பணிக்கு வைத்தமையே இழப்பைப் பெருக்கிற்று. அவ்விடத்தில் அணை எழுப்பலாமா என்னும் வினாவிற்கு விடையளிக்கும் உரிமை ரேணி மக்களிடம் இருக்கவில்லை. வெள்ளத்திற்குப் பின் அத்திட்டங்களை எதிர்த்து ரேணியையும் ஜோஷிமடத்தையும் சார்ந்தோர் தொடுத்த வழக்கை 2021 சூலையில் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்து, வழக்குத் தொடுத்தோர்க்குத் தண்டமும் விதித்தது. அவ்வாண்டு மழையில் ஊரின் அடிமண் அரிக்கப்பட்டமையால், ரேணியில் நிறுவப்பட்டிருந்த கௌரா தேவியின் சிலையையும் பெயர்த்து ஜோஷிமடத்திற்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

கார்வால் மகளிர் காட்டைக் காக்க எழுந்தமைக்கு அவர்களுடைய அன்றாட உழைப்பே அடிப்படை. அவ்வுழைப்பு அவர்களுக்கு அறிவையும், காட்டின்மேல் ஒருவகை உரிமையுணர்வையும் ஒருங்கே தந்தது. மது எதிர்ப்பால் வளர்ந்த மகளிர் மன்றங்கள் அவ்வுணர்வைச் செயலாக்கின.

மண்டலில் எழுந்த வினா, மரத்தைப் பெறுவோர் யார் என்பது. ரேணியில் எழுந்த வினா, மரத்தை வெட்டலாமா என்பது. துங்ரி பைந்தோலியில் பெண்கள் எழுப்பிய வினா, அதனை முடிவு செய்வோர் யார் என்பது. முதல் இரண்டிற்கும் அரசு விடையளித்தது, மூன்றாவதற்கு விடையளிக்கவில்லை. வெட்டாதே என்னும் பெண்களின் முடிவை ஏற்றுச் சட்டமாக்கிய அரசு, அம்முடிவைச் செய்தவர்களை முடிவு செய்வோராக ஏற்கவில்லை. அதனாலேயே அச்சட்டம் ஒருபுறம் அவர்களைக் காட்டினின்று விலக்கவும், மறுபுறம் மலையைக் குடையும் திட்டங்களைத் தடுக்காதிருக்கவும் இயன்றது.

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வதில் மகளிரின் பங்கைப் பற்றி இன்று பல நாடுகளிலும் பேசுகின்றனர். அப்பேச்சில் ரேணி பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. எடுத்துக்காட்டுவோர் 1974ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாளோடு நின்றுவிடாமல், 1982ஆம் ஆண்டையும் 2021ஆம் ஆண்டையும் சேர்த்து நோக்குவாராயின், அப்பெண்கள் கேட்டது புகழன்று, தம் சரிவைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமை என்பது விளங்கும்.